ரிப்பேர் சீட்டு

காஞ்சிபுரத்துக்கு நான் மைக் செட் கடை வேலை தேடி வரவில்லை. லாரி கிளீனராக வந்தேன். ஓரிக்கை வருவதற்குள் டிரைவருக்கும் எனக்கும் சண்டை முற்றி, அவன் என் பையைத் தூக்கி வெளியே எறிந்தான். பையை எடுக்க இறங்கினேன். லாரி போய்விட்டது. அதற்கு முன் திருப்பூரில் பனியன் கம்பெனி, பெங்களூரில் ஓட்டல், ஆற்காட்டுப் பக்கம் ஒரு டூரிங் கொட்டகையில் படச்சுருள் சுற்றுகிற வேலை. ஒன்பதாம் வகுப்பை இரண்டு முறை எழுதினேன், இரண்டு முறையும் தேறவில்லை. எந்த ஊரிலும் ஒரு வருஷத்துக்கு மேல் தங்கியதில்லை. காஞ்சிபுரத்தில் மட்டும் மூன்று வருஷம் இருந்தேன். அதற்கு ஒரு சத்தம்தான் காரணம்.

பிள்ளையார்பாளையம் தொடங்குகிற இடத்தில் இருந்தது அந்த மைக் செட் கடை. முன்னால் கடை, பின்னால் குடோன். ராத்திரிக்குக் குடோனில் ஸ்பீக்கர் பெட்டிகளின் மேல் படுத்துக்கொள்ளலாம் என்று முதலாளி சொன்னார். பெட்டி கடினமாக இருக்கும், ஆனால் மழை பெய்தாலும் நனையாது. எலிகள் வயரைக் கடித்துவைக்கும். எது எங்கே அறுந்திருக்கிறது என்று பார்த்து ஒட்டுவதுதான் என் முதல் வேலை. கரண்ட் பலமுறை அடித்திருக்கிறது. இரண்டு தடவை கீழே விழுந்தேன். மற்றபடி சொல்ல ஒன்றுமில்லை.

மைக் செட்டுக்காரனுக்கு எல்லாரும் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம், மைக் கத்தக் கூடாது என்பதுதான். மைக்கை ஸ்பீக்கருக்கு நேரே வைத்துவிட்டால், ஸ்பீக்கரில் வருகிற சத்தத்தை மைக் கேட்கும், கேட்டதைத் திரும்ப ஸ்பீக்கருக்கு அனுப்பும், ஸ்பீக்கர் அதை இன்னும் பெரிதாகச் சொல்லும், மைக் அதையும் கேட்கும். சுற்றிச் சுற்றி ஒரு நொடியில் காதைக் கிழிக்கிற சத்தமாகிவிடும். எங்கள் கடையில் அதைக் ‘கொய்ங்’ என்போம். கொய்ங் வந்தால் கல்யாண வீட்டுக்காரர் முறைப்பார், கட்சிக்காரர் கெட்ட வார்த்தை சொல்வார்.

சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு மண்டபத்தில் உபன்யாசம் நடந்தது. பேச வந்தவர் வாயைத் திறக்கிறபோதெல்லாம் மைக் கொய்ங்கென்றது. நான் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சரைத் திருகுகிறேன், அடங்குகிறது. அவர் தொடங்குகிறார், அது தொடங்குகிறது. மூன்றாம் தடவை அவர் கைகட்டிக்கொண்டு மைக்கைப் பார்த்து, “இதுக்கு ஏதோ சொல்லணும்னு இருக்கு போலிருக்கு. சொல்லி முடிக்கட்டும். அடியேன் காத்துண்டிருக்கேன்” என்றார். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்திருக்கலாம். முடியவில்லை. முதலாளி அன்றைக்கு என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது. மறுநாள் மதியத்துக்குள் அந்த மிக்சரைச் சரிபார்த்துவை என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் குடோனில் உட்கார்ந்தேன். மிக்சர், எக்கோ பெட்டி, ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு ஸ்பீக்கர். எக்கோ பெட்டி என்பது பாட்டுக் கச்சேரிக்காரர்களுக்காக வாங்கியது. பாடுகிறவர் குரலை வாங்கி இரண்டு மூன்று தடவை திருப்பிச் சொல்லும். எலி கடித்த வயர்களை ஒட்டி, ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டு வந்தேன். நடுவில் எக்கோவிலிருந்து வெளியே வரவேண்டிய வயரை, தவறுதலாக, எக்கோவுக்குள் போகிற பாதையிலேயே செருகிவிட்டேன். அதாவது எக்கோ சொன்னது எக்கோவுக்கே போனது. மைக் என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை. ஆனால் சத்தம் வந்தது.

கொய்ங் என்பது ஊசி மாதிரி ஒரே சத்தம். இது அப்படி இல்லை. அடியில் ஓர் உறுமல் தொடங்கியது. மெதுவாக ஏறியது. ஏறுகிறபோதே அதிலிருந்து இன்னொரு மெல்லிய சத்தம் பிரிந்தது. இரண்டும் ஒன்றையொன்று உரசிக்கொண்டே மேலே போய், உச்சியைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் தானாகத் தளர்ந்து இறங்கின. முடிந்துவிட்டது என்று வயரைப் பிடுங்கப் போனேன். மறுபடி தொடங்கியது. இந்த முறை வேறோர் இடத்திலிருந்து. நான் எதையும் தொடவில்லை.

கடை மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை தூங்கும். முதலாளி சாப்பிட்டுப் படுக்க வீட்டுக்குப் போய்விடுவார். அந்த மூன்று மணி நேரம் எனக்குக் கிடைத்தது. தினமும் அதே வயரை அதே தப்பான இடத்தில் செருகினேன். மிக்சரில் நிறையத் திருகுகள் இருந்தாலும் நான்குதான் உதவும் என்று சில வாரத்தில் தெரிந்தது. ஒரு திருகை மயிரளவு நகர்த்தினால் சத்தம் உடனே மாறாது. யோசித்துவிட்டு மாறும். அவசரப்பட்டு இன்னும் கொஞ்சம் திருகினால் கெட்டது, ஊசி மாதிரி கத்த ஆரம்பிக்கும், எல்லாவற்றையும் இறக்கிவிட்டு முதலிலிருந்து வரவேண்டும். ஒரு நாள் வரும், மூன்று நாள் வராது. வராத நாளில் எனக்குச் சோறு இறங்காது. இதெல்லாம் எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருகிறார்கள், இதை வேறு யாராவது எங்கேயாவது செய்கிறார்களா என்பது எனக்குத் தெரியாது. கேட்பதற்கும் ஆள் இல்லை. வெளிநாடுகளில் இதைச் சங்கீதமென்று செய்கிறவர்கள் உண்டு என்பதைப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். அப்போது அது எனக்குச் சந்தோஷமாக இல்லை, எரிச்சலாக இருந்தது.

கேசட்டில் பிடித்துவைக்கப் பார்த்தேன். கடையில் இருந்த டேப் ரெக்கார்டர், சத்தம் ஏறினால் தானே குறைத்து, இறங்கினால் தானே கூட்டிப் பதிவு செய்கிற வகை. போட்டுக் கேட்டால் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. மாவு அரைக்கிற கிரைண்டர் மாதிரி ஒரே சீராக ஓடியது. எனக்கு எது வேண்டுமோ அதையே அந்த மெஷின் தப்பென்று நினைத்துத் திருத்தியிருந்தது. நான்கு கேசட் வீணாக்கிவிட்டு அந்த எண்ணத்தை விட்டேன்.

கடையில் இருந்த மெக்கானிக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட மூன்று வயது சின்னவன், ஐ.டி.ஐ. முடித்தவன். வீட்டில் தெலுங்கு பேசுகிற நெசவுக் குடும்பம். மதியத்தில் சாப்பிட வீட்டுக்குப் போனால், அப்பா சாப்பிட்டு எழுந்திருக்கிறவரை தறியில் இவன் உட்கார்ந்துவிட்டுத்தான் வருவான். அவர்கள் வீட்டில் பாவில் ஓர் இழை அறுந்தால், அதைப் பிணைத்துவிட்டுத்தான் அடுத்ததற்குக் கை போகும். தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்க மாட்டார்கள். அந்தப் பழக்கத்தை அவன் கடைக்கும் கொண்டுவந்திருந்தான். எந்த செட்டையாவது திறந்தால், வந்த கோளாறை மட்டும் பார்த்து மூட மாட்டான். உள்ளே எதெல்லாம் லேசாக வாடியிருக்கிறதோ அதையெல்லாம் எடுத்துப் போட்டுவிட்டுப் புதிதாகப் பற்றவைப்பான். கழற்றியதை ஒரு பால் பவுடர் டின்னில் போட்டுவைப்பான். முதலாளிக்கு அவன்மேல் அவ்வளவு நம்பிக்கை.

நான் மதியத்தில் ஏதோ செய்கிறேன் என்பது அவனுக்குத் தெரியும். பக்கத்துக் கடைக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். “இன்னாணா, இன்னிக்கு உன் கொய்ங் குட்டி போட்ச்சா?” என்று கேட்பான். நான் வயரைச் சுருட்டிக்கொண்டிருப்பேன். இருந்து கேட்கச் சொல்லியிருக்கலாம். அவன் கேட்டால் சிரிப்பான் என்று நினைத்தேன்.

ஒரு நாள் மதியம் ஓர் அம்மா கடைக்கு வந்தார். சென்னையில் நாடகம் போடுகிறவர். அன்று சாயங்காலம் ஒரு பள்ளிக்கூடத்தில் அவருடைய குழு நடிக்க இருந்தது, ஸ்டாண்டு மைக் இரண்டு வேண்டும் என்று கேட்க வந்திருக்கிறார். நாற்பது வயதிருக்கும், கையில் ஒரு பிளாஸ்க். கடையில் யாரும் இல்லாததால் சத்தம் வந்த திசையில் குடோன் வரை வந்துவிட்டார். அவர் வந்தது எனக்குத் தெரியாது. அன்றைக்கு எனக்கு நன்றாக வந்த நாள். அது ஏறி இறங்கி அடங்கியபின் திரும்பினேன், வாசலில் நிற்கிறார். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

இது எந்த கேசட் என்று கேட்டார். கேசட் இல்லை என்றேன். வேறென்ன என்றார். எனக்கு என்ன பெயர் சொல்வதென்று தெரியவில்லை.

“ரிப்பேருங்க” என்றேன்.

அவர் சிரித்தார். கேலியாக இல்லை. பிளாஸ்க்கைத் திறந்து, மூடியில் காபி ஊற்றி என்னிடம் நீட்டினார். புது நாடகம் ஒன்று செய்துகொண்டிருப்பதாகச் சொன்னார். அதில் ஒரு கட்டம். ஒரு பெண் கொடியில் துணி காயப்போடுவாள், அதே துணியை எடுப்பாள், மறுபடி காயப்போடுவாள். பேச்சே கிடையாது. ஒன்பது நிமிஷம். அதற்கு என்ன சத்தம் வைத்தாலும் ஒட்டவில்லை. “இந்த சவுண்டுதான் வேணும். ஆனா டேப்ல வேணாம். நீங்க மேடை ஓரத்துல உக்காந்து, அவளைப் பாத்துக்கிட்டே வாசிக்கணும்” என்றார்.

வாசிக்கணும் என்ற சொல்லை நான் அன்றைக்குத் தூங்குகிற வரை நினைத்துக்கொண்டிருந்தேன். மைக் செட்டுக்காரன் பாட்டுப் போடுவான், செட் கட்டுவான், வயர் இழுப்பான். யாரும் அவனை வாசிக்கச் சொன்னதில்லை. இருபத்தெட்டு வயது வரை நான் செய்த எந்த வேலையையும் இன்னொருவன் வந்து அப்படியே செய்துவிட்டுப் போகலாம். இதைச் செய்ய முடியாது. இந்த நான்கு திருகு என் கைக்கு மட்டும்தான் பழகியிருக்கிறது. அதை ஒரு கூட்டம் உட்கார்ந்து ஒன்பது நிமிஷம் கேட்கப்போகிறது. எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

நாடகத்துக்கு மூன்று வாரம் இருந்தது. முதலாளியிடம் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை வாடகை எதுவும் இல்லாவிட்டால் எடுத்துக்கொண்டு போ என்றார். கடையில் ஒரே மாதிரி இரண்டு மிக்சர்கள் உண்டு. இன்னொன்றில் இந்தச் சத்தம் வராது, பார்த்திருக்கிறேன். அதில் வயரை அப்படிச் செருகினால் வெறும் ஊசிதான். என்னுடையதில் ஏதோ ஒன்று பழுது. சாதாரணமாகப் பேசினாலும் அடியில் தப்தப்பென்று லேசாக ஒரு துடிப்பு வரும். அதனால் அதைச் சின்ன விசேஷங்களுக்குத்தான் அனுப்புவார்கள். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்து ஒன்பது நிமிஷம், ஒன்பது நிமிஷமாகப் பழகினேன். பத்து நாளில் பத்துக்கு ஏழு தடவை வர ஆரம்பித்தது.

இடையில் வைகாசி கருட சேவை வந்தது. அந்த வாரம் ஊரில் உள்ள ஒரு மைக்கும் கடையில் தங்காது. நீர்மோர்ப் பந்தல், அன்னதானப் பந்தல், போலீஸ் பந்தல், எல்லாவற்றுக்கும் செட் வேண்டும். உடைசல் ஓட்டையெல்லாம் வெளியே போகும். என் மிக்சரும் போகும். எவனாவது அதன் மேல் மோர் ஊற்றுவான், கீழே போடுவான், திருகைப் பிடுங்குவான். நாடகத்துக்கு இன்னும் பத்து நாள்கூட இல்லை.

கடையில் ஒரு வழக்கம் உண்டு. வேலை செய்யாத செட்டில் ஒரு சீட்டு எழுதிக் கட்டிவிட்டால் அதை யாரும் வாடகைக்கு எடுக்க மாட்டார்கள். நான் ஓர் அட்டையைக் கிழித்து, ‘ரிப்பேர்’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, மிக்சரின் கைப்பிடியில் நூலால் கட்டி, செருகிய வயரோடும் எக்கோ பெட்டியோடும் மேல் பலகையில் ஏற்றிவைத்தேன். இதுக்கு என்ன ஆச்சு என்று முதலாளி கேட்டார். ரிப்பேர் மொதலாளி என்றேன். பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு இரண்டு நாள் நான் கடைப் பக்கமே வரவில்லை. காந்தி ரோட்டில் கம்பம் கம்பமாக ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தேன். ராத்திரியும் பந்தலிலேயே படுத்தேன்.

கருட சேவை அன்று காலை, பெருமாள் போனபின் கூட்டம் கலைகிற நேரம். வெயில் ஏறிவிட்டது. ஒரு நீர்மோர்ப் பந்தலில் மோர் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தேன். பந்தலில் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, “செய்யாறுல இருந்து வந்த அம்மா, பச்ச கலர் ஜாக்கெட் போட்ட அம்மா, உங்க வூட்டுக்காரர் இங்க நிக்கிறாரு. எங்க இருந்தாலும் பந்தலாண்ட வாங்க. அவரு அழுவுறாரு” என்று சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற ஆள், “நான் எங்கய்யா அழுதேன்” என்று சண்டைக்குப் போனார். எல்லாரும் சிரித்தார்கள். குரல் அவ்வளவு சுத்தமாக இருந்தது. ஒரு துடிப்பில்லை, ஓர் இரைச்சல் இல்லை. நம் கடையில் இவ்வளவு நல்ல செட் எது என்று மேசையைப் பார்த்தேன்.

என் மிக்சர். ஓரத்தில் சால்டரிங் இரும்பு பட்டு உருகிய தழும்பு இருந்தது. கைப்பிடியில் நான் கட்டிய நூல் இருந்தது. சீட்டு இல்லை.

மோர் டம்ளரை வைத்துவிட்டுக் கடைக்கு நடந்தேன். ஓடவில்லை. ஓட முடியாத கூட்டம். மெக்கானிக் மேசையில் உட்கார்ந்து ஓர் ஆம்ப்ளிஃபயரைத் திறந்துவைத்துக்கொண்டிருந்தான். இரண்டு நாளாக வீட்டுக்குப் போகாத முகம். அந்த மிக்சரை என்ன செய்தாய் என்று கேட்டேன்.

“பாத்தியாணா? சுத்தமா பண்ணிட்டேன்” என்றான், பெருமையாக. “உள்ள ஒரு கண்டன்சர் செத்துக்கினு இருந்துச்சு. அதான் உனுக்கு அவ்ளோ நாளா தப்தப்னு வந்துக்கினு இருந்துது. கூடவே இன்னும் நாலு மாத்திட்டேன்.”

“உன்ன யார்ரா கை வைக்கச் சொன்னது?”

“சீட்டு போட்டிருந்துச்சேணா. ரிப்பேர்னு. சீட்டு போட்டதெல்லாம் கருட சேவைக்குள்ள முடின்னு மொதலாளி சொன்னாரு.”

“ரிப்பேர்னுதான்டா எழுதனேன். ரிப்பேர் பண்ணுன்னு எழுதல.”

“ரெண்டும் ஒண்ணுதானேணா” என்றான் அவன். உண்மையாகவே புரியாமல் கேட்டான்.

நான் அந்த மேசையை உதைத்தேன். ஆம்ப்ளிஃபயர் கீழே விழவில்லை, அவன் பிடித்துக்கொண்டான். அவனை அடித்திருப்பேன். ஆனால் அவன் பேச்சில் தப்பு கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. கெட்டுப்போனதற்கும் ரிப்பேர் என்கிறோம், சரிசெய்வதற்கும் ரிப்பேர் என்கிறோம். அதை நான் எழுதுகிறபோது யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

பந்தலிலிருந்து மிக்சர் திரும்பி வந்ததும் வயரைத் தப்பான இடத்தில் செருகிப் பார்த்தேன். ஊசி. நான்கு திருகையும் பழகிய இடத்தில் வைத்தேன். ஊசி. கையை எடுத்துவிட்டு அது யோசிக்கட்டும் என்று காத்திருந்தேன். யோசிக்க அதற்கு ஒன்றுமில்லை. நாடகம் ஞாயிற்றுக்கிழமை. நடுவில் நான்கு நாள்.

நான் நாடகத்தைப் பற்றிச் சொன்னதும் அவன் பயந்துவிட்டான். எனக்கு முன்னாலேயே சொல்லக் கூடாதா என்று இரண்டு மூன்று தடவை சொன்னான். பிறகு எழுந்து பால் பவுடர் டின்னைக் கொண்டுவந்து தரையில் கவிழ்த்தான். பல வருஷத்துச் செத்த கண்டன்சர்கள், கரண்டைத் தேக்கி விடுகிற சின்னச் சின்ன உருளைகள். மாற்றியது எது என்று கேட்டேன். நானூற்று எழுபது என்று பொறித்தது, நீல நிறம் என்றான். நீல நிறத்தில் நானூற்று எழுபது மட்டும் தனியாகப் பொறுக்கினோம். முப்பதுக்கு மேல் இருந்தன. அதுவும், ரொம்ப வீங்கியிருந்தால் சாக்கடையில் எறிந்துவிடுவேன், இது வீங்கியிருந்ததா இல்லையா ஞாபகம் இல்லை என்றான்.

சாப்பாட்டு நேரத்தில் அவன் தறிக்குப் போகவில்லை. ஒன்றைப் பற்றவைப்பான், நான் வயரைச் செருகித் திருகுவேன். “இதுவா?” என்பான். இல்லை என்பேன். கழற்றுவான். அடுத்தது. சிலது ஒன்றுமே செய்யவில்லை. சிலது மிக்சரையே ஊமையாக்கியது. ஒன்று புகைந்தது. ஒன்று தவளை மாதிரி கொடகொடத்தது, அது அவனுக்குப் பிடித்துவிட்டது, இதையே வைத்துக்கொள்ளலாமே என்றான். இல்லை என்றேன்.

“கெட்டுப்போனதுலயும் இது வேற கெட்டது, அது வேற கெட்டதுன்னு பாக்கிற ஆள இப்பதாணா பாக்கிறேன்” என்றான். கேலி செய்யவில்லை. களைத்துப்போய்ச் சொன்னான். அவன் விரல் இரண்டு இடத்தில் சுட்டிருந்தது.

மூன்று நாள் மதியம் இப்படிப் போனது. முதலாளிக்கு விஷயம் தெரிந்து, நல்லா இருக்கிற செட்டைக் கெடுக்க ரெண்டு பேர் சம்பளம் வாங்குகிறீர்களா என்று கேட்டார். கடைசியில் ஒன்று கிடைத்தது. அடியில் உறுமியது, ஏறியது. ஆனால் பாதியில் நின்று, ஒரு தரம் விக்கி, கீழே விழுந்தது. மறுபடி ஏறினால் மறுபடி அதே இடத்தில் விக்கியது. தானாக வேறிடத்திலிருந்து தொடங்கத் தெரியவில்லை அதற்கு. டின்னில் மிச்சம் ஆறு இருந்தன. ஆறும் உதவவில்லை. விக்குகிறதையே திரும்பவும் பற்றவைக்கச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மிக்சரை ஒரு கோணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு சென்னை பஸ்ஸில் போனேன். எக்கோ பெட்டி காலுக்கடியில். ஸ்ரீபெரும்புதூர் வரை நின்றுகொண்டு வந்த ஒருவர், கோணிக்குள் கோழியா என்று கேட்டார்.

மேடை ஓரத்தில் உட்கார்ந்தேன். அந்தப் பெண் துணி காயப்போட்டாள், எடுத்தாள், காயப்போட்டாள். நான் திருகினேன். அது ஏறியது, விக்கியது, விழுந்தது. விக்குகிற இடம் வருவதற்கு முன்னாலேயே திருகைக் குறைத்து அதை மறைக்கப் பார்த்தேன். இரண்டு தடவை மறைந்தது, மற்ற தடவையெல்லாம் தெரிந்தது. என் காதுக்கு ஒன்பது நிமிஷமும் அது ஒன்றுதான் கேட்டது. முடிந்ததும் கைதட்டினார்கள். ஒருவர் வந்து இது என்ன கீபோர்டு என்று கேட்டார்.

நாடகம் போட்ட அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “அன்னைக்குக் கேட்டேனே, அப்படியே அதே சவுண்டு” என்றார்.

அது இல்லைங்க, இது வேறே, அதை ரிப்பேர் பண்ணிவிட்டார்கள் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். “எனக்கு அப்படித் தெரியலையே. இதுவும் நல்லாத்தானே இருந்துது” என்றார். இன்னொருவர் அவரைக் கூப்பிட்டார். போய்விட்டார். அவர்மேல் எனக்குக் கோபப்பட உரிமையில்லை. காபி கொடுத்தவர், வாசிக்கச் சொன்னவர். ஆனாலும் கோபம் வந்தது. நன்றாக இல்லை என்று சொல்லியிருந்தால் தேவலாம் போலிருந்தது. நன்றாக இருந்தது என்கிறவரிடம் என்ன சொல்லி விளங்கவைப்பது? கொடுத்த புளிசாதப் பொட்டலத்தைச் சாப்பிட்டுவிட்டு, கோணியைச் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.

திங்கட்கிழமை காலை மெக்கானிக் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தான். எப்படி இருந்தது என்று கேட்டான். எல்லாருக்கும் பிடித்துவிட்டது, அதே சத்தம்தான் என்று சொல்லிவிட்டார்கள் என்றேன்.

“அதெப்டிணா அதே சத்தம் ஆவும்?” என்றான். “அது ஏறி எறங்கி மூச்சு வுட்டுக்கினு இருந்துது. இது பாதியில விக்குது. கேட்டா தெரியாதா?”

நான் அவனைப் பார்த்தேன். அதை நீ எப்போது கேட்டாய் என்றேன்.

“ரிப்பேர் பாக்கும்போதுதான். வயரெல்லாம் நீ செருகனா மாதிரியே இருந்துது, நான் புடுங்கல. ஒரு மணி நேரம் ஓட வுட்டுட்டு கேட்டுக்கினே இருந்தேன். இல்லனா எங்க தப்புன்னு எப்டி கண்டுபுடிக்கிறது?”

இரண்டு வருஷம் அந்தச் சத்தத்தோடு இருந்திருக்கிறேன். சென்னையில் அவ்வளவு பேர் உட்கார்ந்து கேட்டார்கள். அது எப்படி இருந்தது என்று சொல்லத் தெரிந்தவன் இவன் ஒருவன். அவன் ஒரு மணி நேரம் கேட்டிருக்கிறான், கேட்டதை வைத்தே அதைக் கண்டுபிடித்துக் கழற்றி டின்னிலோ சாக்கடையிலோ போட்டிருக்கிறான்.

“நல்லா இருந்துச்சா?” என்று கேட்டேன்.

அவன் சால்டரிங் இரும்பை நனைந்த பஞ்சில் துடைத்தான்.

“இருந்துதுணா” என்றான். “ஆனா சீட்டுல ரிப்பேர்னு எழுதி இருந்துதே.”

அடுத்த செட்டைத் தன் பக்கம் இழுத்து, அதில் தொங்கிய சீட்டைத் திருப்பிப் பார்த்தான். பிறகு அதை என் பக்கம் நீட்டி, இது உன் கையெழுத்தா என்று கேட்டான். இல்லை என்றேன். திருகாணியைக் கழற்ற ஆரம்பித்தான்.